இரண்டு விரல் இடைவெளி

1. எவ்வளவு இறக்கலாம்

காரை நிறுத்திவிட்டு இறங்குவதற்கு முன்பே பிரபு கேட்டது இதுதான்.

"அண்ணே, இத எவ்ளோ எறக்கலாம்?"

ஆம்பூர் பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் இருக்கும் ஒரு ஷெட்டில் நான் சஸ்பென்ஷன் வேலை செய்கிறேன். ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், லோயர் ஆர்ம், அலைன்மென்ட் ஆகியவைதான் என் பாடு. இன்ஜின் பக்கம் போவதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆட்களோடு பேசக் கூச்சம். கார் அடியில் படுத்துக்கொண்டால் அந்தக் கூச்சம் இருக்காது என்பதாலோ என்னவோ இந்த வேலை எனக்கு ஒத்துப்போனது. இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் வீடியோ பார்த்தே நிறையத் தெரிந்துகொள்கிறார்கள். தினமும் ஓடும் ஒரு காருக்கு ஸ்பிரிங் தேர்ந்தெடுப்பதில் வீடியோவில் வராத ஒன்று எனக்கு நேர்ந்தது. அதனால் எழுதுகிறேன்.

காரை இறக்குவது என்றால், குட்டையான ஸ்பிரிங்கைப் போட்டு பாடியைத் தரைக்குக் கிட்டே கொண்டுவருவது. டயருக்கும் அதன் மேலே வளைந்திருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும் அல்லவா, அது குறையும். கார் பதுங்கி நிற்கிற மாதிரி இருக்கும். பார்க்க அழகுதான், மறுக்க முடியாது. வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்தில் அப்படி ஒரு காரைப் பிரபு பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து அவனுக்குத் தன்னுடைய வெள்ளைக் காரைப் பார்த்தால் கால் குட்டையான பேண்ட் போட்ட ஆள் மாதிரி தெரிந்ததாம்.

"ரெண்டு சுத்து கட்டிங் போட்டுடலாமா?" என்று கேட்டான்.

கல்லாவில் இருந்த முதலாளி ஜாபர் பாய் தலையைத் தூக்காமல் சொன்னார். "கட்டிங் வேணும்னா பக்கத்துல சலூன் இருக்குது தம்பி. இங்க ஸ்பிரிங்க அறுக்கறதில்ல."

எங்கள் பக்கத்தில் அது ஒரு சுலப வழி. ஸ்பிரிங்கைக் கழற்றி கிரைண்டரில் அறுத்துவிடுவார்கள். கார் உடனே இறங்கிவிடும். ஆனால் அறுத்த ஸ்பிரிங் அதன் இடத்தில் ஒழுங்காக உட்காராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது லூசாகி இடம் மாறும். மேட்டில் ஏறினால் போதிய பலம் இல்லாமல் பம்ப் ஸ்டாப்பில் போய் மோதும். பம்ப் ஸ்டாப் என்பது கடைசித் தடுப்பாக இருக்கும் ரப்பர். தினமும் அதில் மோதினால் ஷாக் அப்சார்பர் கொஞ்ச நாளில் எண்ணெய் கக்கிவிடும். அதனால், குட்டையாகவே செய்து, அதற்குத் தகுந்த விறைப்போடு வரும் ஸ்பிரிங்கை வாங்கித்தான் நாங்கள் மாட்டுவோம்.

அதிலும் ஒன்றுக்குப் பல உண்டு. எதை வாங்குவது என்று தெரிய நான் மூன்று விஷயங்களைக் கேட்பேன். வண்டி தினமும் எந்த ரோட்டில் ஓடுகிறது, எத்தனை பேர் ஏறுகிறார்கள், டிக்கியில் என்ன சுமை.

பிரபு சொன்னான். "வீடு பள்ளிகொண்டாவுல. ஆம்பூர்ல ஷூ கம்பெனில லைன் சூப்பர்வைசர். டெய்லி போய் வர்றது இதுலதான். பின்னாடி மூணு பேரு, எங்க லைன் ஆளுங்க. முன்னாடி எங்கப்பா. மாதனூர்ல ஒரு குடோன்ல வாட்ச்மேனா இருக்காரு, அங்க எறக்கி விட்டுடுவேன். டிக்கியில ஒண்ணுமில்ல, டிபன் பைதான்."

"அப்பா இன்னா வெயிட் இருப்பாரு?"

"அவரா? தோலும் எலும்பும்தாண்ணே. வயசெல்லாம் தோல் கம்பெனி டிரம்முலயே போச்சி. ஈரத் தோல தூக்கித் தூக்கி உடம்புல இன்னா மிச்சம் இருக்கும்?"

நான் அந்த எடையை மனதில் கூட்டிக்கொண்டேன்.

2. ஆள் ஏற்றிப் பார்த்தது

இரண்டு செட் ஸ்பிரிங் கைக்கு எட்டும்படி இருந்தது. ஒன்று நன்றாக இறக்குவது. இன்னொன்று முப்பது மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல் இறக்குவது. பாய்க்கு முதலாவதைப் போடத்தான் ஆசை.

"ஆசப்பட்டு வந்திருக்கான். ஏதோ ஒப்புக்கு எறக்கி அனுப்பாத தாஸு. பாக்கறவன் திரும்பிப் பாக்கணும்."

நான் முப்பதுதான் என்று நின்றேன். நான்கு பேரோடு போகிறவன். ஆம்பூர் ரயில்வே சப்வேயில் இறங்கி ஏற வேண்டும். கம்பெனி கேட்டில் ஆளுக்கொரு அளவில் சிமென்ட் கொட்டிய ஸ்பீட் பிரேக்கர் இருக்கிறது. அதிகமாக இறக்கினால் வயிறு உரசும். பின்னால் ஆள் ஏறுவதால் பின் பக்கம் முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இறங்குகிற செட் அது. ஷாக் அப்சார்பரும் பழசாகியிருந்ததால் குட்டை ஸ்பிரிங்குக்குப் பொருந்துகிற புதியதைச் சேர்த்துப் போட்டோம். இதில் நான் இன்றைக்கும் ஒரு தப்பும் காணவில்லை.

வேலை நடக்கும்போது பிரபு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தான். நான் அடியில் இருந்ததால் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அவனுக்கும் அது வசதியாக இருந்திருக்கும்.

"எங்கப்பாவுக்கு நான் தோல் பக்கமே வரக்கூடாதுண்ணே. நான் பட்டது போதும், நீ பாலிடெக்னிக் படிடான்னாரு. நான் படிப்ப உட்டுட்டு ஷூ கம்பெனில சேந்துட்டேன். அன்னிலேர்ந்து பேச்சே நின்னு போச்சி. ஒரே வீட்ல இருக்கோம், சோறு வெச்சா சாப்புடுவாரு, டிவி பாப்பாரு. எம் பொண்டாட்டிதான் நடுவுல தபால்காரி. இந்த கார் வாங்கின பொறவுதான் மாறிச்சி. முன்னாடி உக்காந்துனா பேச ஆரம்பிச்சிடறாரு. அந்த கம்பெனி எப்ப மூடினாங்க, இந்தப் பாலத்துக்கு அடியில எப்ப தண்ணி வந்துச்சின்னு. மாதனூர் வந்தா போதும், ஆப் ஆயிடுவாரு. வீட்ல வந்தா மறுபடியும் டிவி."

"ரோட்ட பாத்துனு பேசறது சுலபம்," என்றேன் அடியில் இருந்தபடி. மூஞ்சியைப் பார்த்துப் பேசுவது எனக்கும் கஷ்டம் என்பதால் சொன்னேன்.

ஸ்பிரிங் போட்டு முடித்ததும் நாங்கள் எப்போதும் செய்வது, ஆள் ஏற்றிப் பார்ப்பது. தினமும் எத்தனை பேர் போவார்களோ அத்தனை பேரை ஷெட்டில் இருந்தே பிடித்து உட்கார வைத்து, ஃபெண்டர் இடைவெளியை விரலால் அளப்போம். முன்பு நான்கு விரலுக்கு மேல் நுழைந்த இடத்தில் இரண்டு விரல் நுழைந்தது. அதற்குக் கீழே போனால் டயர் உரசும்.

பிரபுவின் அப்பா உட்காரும் இடத்தில் பக்கத்து டயர் கடை கோபி உட்கார்ந்தான். ஆள் இரண்டு மூட்டை இருப்பான். அவனே ஏறித் தாங்கினால் அந்தப் பெரியவருக்கு என்ன குறை என்பது எங்கள் கணக்கு.

"ஏரோப்ளேன்ல உக்காந்த மாதிரி இருக்குதுடா," என்றான் கோபி.

"நீ எப்படா ஏரோப்ளேன்ல போன?"

"போனாதான் தெரியணுமா? உக்காந்தா தெரியாதா?"

எல்லாரும் சிரித்துக்கொண்டே சப்வே வரை போய் வந்தோம். கேட் பிரேக்கரில் நேராக ஏறினேன், கோணலாக ஏறினேன். எங்கும் உரசவில்லை. பிரபு காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். தரையில் முட்டி போட்டு போட்டோ எடுத்தான். பாய்கூட இருக்கையை விட்டு எழுந்து வந்து, "முப்பதும் நல்லாதான் இருக்குது," என்று ஒத்துக்கொண்டார். கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளைச் சாக்கில் கட்டி டிக்கியில் வைத்து அனுப்பினேன்.

3. அலைன்மென்ட்டுக்கு வந்தபோது

ஸ்பிரிங் மாற்றினால் கொஞ்ச நாள் ஓடிய பிறகு இன்னும் சற்றுப் படியும். அதன் பிறகு ஒருமுறை அலைன்மென்ட் பார்க்க வேண்டும். பிரபு அதற்கு வந்தான். கார் நன்றாக இருந்தது. அவன்தான் சரியில்லை. ஸ்டூல் போட்டிருந்தும் உட்காராமல் ரோட்டைப் பார்த்து நின்றான்.

"ஓட்றதுக்கு எப்டி இருக்குது?" என்றேன்.

"சூப்பரா இருக்குதுண்ணே. எங்கப்பாதான் ஏற மாட்றாரு."

"ஏன்?"

"ரெண்டு நாள் வந்தாரு. அப்புறம் பஸ்லயே போறேன்னுட்டாரு. ஏன்னு கேட்டா, டீ குடிச்சிட்டு போவணும், பஸ்ஸுன்னா காத்து வரும், இப்டி ஏதாவது சொல்றாரு."

"ஏறி எறங்க கஷ்டமா இருக்குமோ?"

எனக்கு உண்மையில் அந்தச் சந்தேகம் இல்லை. பேச்சுக்குக் கேட்டேன். பிரபு உடனே மறுத்துவிட்டான்.

"பஸ் படி எவ்ளோ ஒசரம்? அதுல ஏர்றாரு. இதுல ஏற முடியாதா? அதெல்லாம் இல்லண்ணே. பழைய கோவம். தோல் கம்பெனி காசுல வாங்கின காருக்கு இவன் சிங்காரம் வேற பண்றான்னு நெனைக்கிறாரு. நேத்து நானும் கேட்டுட்டேன். என் சம்பாத்தியத்துல வாங்கின காருல உக்காந்தா உனுக்கு கேவலமாப்பான்னு. டிவி சவுண்ட ஜாஸ்தி பண்ணிக்கினாரு."

பஸ் படி உயரம், கார் தாழ்வு. அவன் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. முன் சக்கரங்கள் நேராக நிற்கிற கோணத்தை, அதாவது டோவை, சரி பார்த்து அனுப்பினேன்.

4. பஸ்ஸில்

என் வீடு பள்ளிகொண்டாவைத் தாண்டி வேலூர் ரோட்டில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. வழக்கமாக மொபெட்டில்தான் வேலைக்குப் போவேன். அன்று காலை மழையில் அது கிளம்பாததால் பஸ் ஏறினேன். பள்ளிகொண்டாவில் ஒல்லியாக ஒரு பெரியவர் ஏறினார். இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்து, கையால் உடம்பைத் தூக்கிக்கொண்டு ஏறினார். எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்.

ஹைவேயில் ஏறும் இடத்தில் பஸ் மெதுவானது. பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் தாண்டிப் போனது. நான் போட்ட ஸ்பிரிங் எனக்குத் தெரியாதா? பிரபுவின் கார். பஸ்ஸின் உயரத்திலிருந்து பார்க்கும்போது அவன் பக்கத்து சீட் காலியாக இருந்ததும் தெரிந்தது.

பெரியவர் கண்டக்டரின் கையைத் தட்டினார்.

"அதோ போவுது பாரு, வெள்ளக் காரு. என் பையனுது."

"எது, தரைய மோந்துனு போவுதே, அதுவா?"

"அதான். ஸ்பிரிங் மாத்தியிருக்கான். பந்தயத்துல ஓட்ற காரு மாதிரி இல்ல?"

"அப்ப இன்னாத்துக்கு பெருசு, பஸ்ல வந்து இடிபட்ற? ஜம்முனு அதுல போவ வேண்டிதான?"

"கம்பெனி ஆளுங்க வர்றாங்கப்பா. எடம் பத்தல."

சொல்லிவிட்டு, கார் கண்ணுக்கு மறையும்வரை தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதனூர் வந்தது. அவர் எழுந்ததை நான் பின்னால் இருந்து பார்த்தேன். முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பற்றி, இழுத்து எழுந்தார். முழங்கால் அவரை எழுப்பவில்லை. கைதான் எழுப்பியது. பஸ்ஸில் எங்கே பார்த்தாலும் பிடிக்கக் கம்பி இருக்கிறது. காரில் முன் சீட்டில் உட்கார்ந்தவருக்கு முன்னால் வழவழப்பான டேஷ்போர்டுதான் இருக்கிறது. படி உயரமாக இருந்தும் ஏன் பஸ், தாழ்வாக இருந்தும் ஏன் கார் வேண்டாம் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

நான் இறங்க வேண்டிய இடம் ஆம்பூர். ஆனாலும் அவர் பின்னாலேயே இறங்கிவிட்டேன். கொஞ்ச தூரம் நடந்தேன். பிறகு முன்னால் போய், "ஐயா, பிரபு காருக்கு ஸ்பிரிங் போட்டது நான்தான்," என்றேன்.

அவர் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா? நல்லா போட்டுக்கிற. எல்லாரும் பாக்கறாங்க."

"உங்களுக்கு உக்கார முடியலையாங்கய்யா?"

"உக்காந்துடறேம்பா. பொத்துனு உழுந்துடலாம். எழுந்திரிக்கத்தான் முடியல. எங்க தெருவுல சிமென்ட் ரோடு காவா பக்கமா சாயும். நான் உக்கார்ற பக்கம் அந்தக் காவா பக்கம். முன்ன எப்டியோ சமாளிச்சேன். இப்ப கிணத்துல எறங்கின மாதிரி இருக்குது. இங்க வந்து எறங்கறப்ப கதவப் புடிச்சி தொங்கி எழுந்தேன். கதவு கீலு போச்சின்னா அவன் மனசு கஷ்டப்படுவான்."

ஷெட்டின் தரை மட்டமானது. மழமழவென்று சிமென்ட் பூசியது. நாங்கள் அங்கே நிறுத்தித்தான் அளந்தோம். சாய்ந்த தெருவில் நின்றால் அந்த ஒரு அங்குலம் எத்தனை அங்குலமாகும் என்று யாரும் பார்க்கவில்லை. ஆள் ஏற்றிப் பார்த்தோமே தவிர, ஆள் இறங்குவதைப் பார்க்கவில்லை. கோபி எப்படி இறங்கினான் என்று கேட்டால் எனக்கு ஞாபகம்கூட இல்லை.

"பிரபுகிட்ட நீங்க சொல்லலாமே," என்றேன்.

"சொன்னா அன்னிக்கே கழட்டிடுவான். சின்ன வயசுல அவன் ஆசப்பட்டது எதையும் நான் வாங்கிக் குடுக்கல. அவனா சம்பாதிச்சி ஒண்ணு பண்ணிக்கிறான். இருந்துட்டு போவட்டும்." நடக்க ஆரம்பித்தவர் திரும்பிப் பார்த்தார். "நீயும் சொல்லிடாதப்பா. எனுக்கு பஸ்ஸு நல்லாதான் இருக்குது."

5. சொன்னது

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மாலையில் பாயிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"சொல்லுடா. அப்பன் புள்ள நடுவுல நிக்கறது நம்ம வேலை இல்ல. ஆனா ஸ்பிரிங் நம்ம வேலை. அதனால ஒரு ஆளுக்கு பேஜார்னா கஸ்டமருக்கு சொல்லித்தான் ஆவணும்."

போன் போட்டேன். எனக்கு நீளமாகப் பேச வராது. பஸ்ஸில் பார்த்ததைச் சொன்னேன். முழங்கால் என்றேன். கம்பியைப் பிடித்து எழுந்தார் என்றேன். பிரபு, "நான் இன்னான்னமோ கேட்டுட்டனேண்ணே," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வந்து பழைய ஸ்பிரிங்கையே மாட்டச் சொன்னான். மாட்டினேன். குட்டை ஸ்பிரிங்குகளைக் கழற்றி அதே சாக்கில் கட்டிக் கொடுத்தேன். இந்த முறை தெருவில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று நானே அவனோடு பள்ளிகொண்டாவுக்குப் போனேன். அவர் சொன்னது போலவே தெரு சாய்ந்திருந்தது. கார் வாசலில் நின்றதும் பெரியவர் பனியனோடு வெளியே வந்தார். எதிர் வீட்டில் இரண்டு பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். குழாயடியில் பெண்கள் இருந்தார்கள்.

பிரபு இறங்கியதும் இறங்காததுமாகச் சொன்னான். "முட்டி முடியலன்னா சொல்ல வேண்டிதானப்பா? கடைக்கார அண்ணன் வந்து சொல்லித்தான் எனுக்கு தெரியணுமா?"

அவன் பாசத்தில்தான் சொன்னான். ஆனால் சத்தமாகச் சொல்லிவிட்டான். பேப்பர் படித்தவர்கள் நிமிர்ந்தார்கள். குழாயடியில் குடத்தை எடுக்கப் போன கை அப்படியே நின்றது.

பெரியவர் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"யாருக்கு முட்டி முடியல?"

பிரபு முன் கதவைத் திறந்து பிடித்தான். "ஏறிப் பாருப்பா. இப்ப ஒசரமாயிடுச்சி."

"நான் கேட்டனா ஒசத்தச் சொல்லி? லாரி மாதிரி நிக்குது. அது எவ்ளோ அழகா இருந்துச்சி."

உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் டிவி சத்தம் கேட்டது. கதவைப் பிடித்தபடி பிரபு நின்றான். நான் இடைவெளியை விரலால் அளக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அளப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

6. பிறகு

திங்கட்கிழமையும் அவர் பஸ்ஸில்தான் போனார். அதன் பிறகும் பஸ்தான். மழைக்காலம் முடிவதற்குள் வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டார். அணைக்கட்டு ஊரில் இருக்கும் மகள் வந்து தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். இதெல்லாம் பிரபு சஸ்பென்ஷனில் ஒரு ரப்பர் புஷ் மாற்ற வந்தபோது சொன்னது.

"போய்ப் பாக்கறியா?" என்றேன்.

"மாசத்துக்கு ஒரு தடவ போறேண்ணே. நல்லாதான் இருக்காரு. அக்கா புள்ளைங்க கூட வெளாட்றாரு. நான் போனா, வா, சாப்டியாங்கறாரு. அவ்ளோதான். அங்க எங்கியும் ரெண்டு பேருமா கார்ல போற மாதிரி இல்லியே."

பாய் சொன்னதில் தப்பில்லை. கஸ்டமரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். எப்படிச் சொல்வது என்பதில்தான் என் மனம் இன்னும் கிடந்து அடித்துக்கொள்கிறது. "பிரபு, அந்த ஸ்பிரிங் உன் ரோட்டுக்கு ஒத்து வரல, சீக்கிரம் போயிடும், பழசே போட்டுக்கலாம்," என்று சொல்லியிருக்கலாம். ஸ்பிரிங்கின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். ஸ்பிரிங் கோபித்துக்கொள்ளாது. கார் தானாக உயர்ந்திருந்தால் பெரியவரும் ஒரு நாள், இன்றைக்குப் பஸ் லேட்டு என்று சொல்லிக்கொண்டு தானாக ஏறியிருப்பார். காரை இறக்காமலே வைத்து, அவர் பிடித்து எழ ஒரு நல்ல கைப்பிடி போட்டிருக்கலாம். இறக்கிய பிறகும் போட்டிருக்கலாம். எத்தனையோ வழி இருந்தது. எனக்கு ஸ்பிரிங்கும், நடந்ததை நடந்தபடி சொல்வதும்தான் தெரிந்தன.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். ரோடு என்ன, சுமை என்ன என்று கேளுங்கள். அது அவசியம். அதற்கு முன்னால், அந்த வண்டியில் தினமும் ஏறுகிறவர்களில் வயதானவர் யார் என்று கேளுங்கள். அவரையே அழைத்து வரச் சொல்லுங்கள். வர மாட்டார் என்றால் வண்டி நிற்கும் தெருவுக்கு நீங்கள் போங்கள். ஏறுவதைப் பார்க்காதீர்கள், இறங்குவதைப் பாருங்கள். அதில் ஏதாவது தெரிந்தால், அவர் பெயரைச் சொல்லாமல் வேலையை முடித்துக் கொடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். நேரம் ஜாஸ்தி ஆகிறது என்று பாய் முணுமுணுப்பார். ஆனால் தடுப்பதில்லை.

போன மாதம் பிரபு மறுபடியும் வந்தான். டிக்கியில் இருந்து ஒரு சாக்கை எடுத்துக் கீழே வைத்தான். நான் முன்பு கழற்றிக் கொடுத்த அந்தக் குட்டை ஸ்பிரிங்குகள். துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருந்தான்.

"இதையே மாட்டிடுங்கண்ணே."

"முன்னாடி யாரு உக்கார்றாங்க இப்ப?" என்று கேட்டேன். இப்போதெல்லாம் எல்லாரிடமும் கேட்பதுதான்.

"யாருமில்ல. பின்னாடி வர்றவங்கள முன்னாடி வாங்கன்னு கூப்டேன். அது அப்பா சீட்டு, நாங்க பின்னாடியே உக்கார்றோம்னுட்டாங்க."

"அணைக்கட்டுக்கு போவ வர..."

"அவரு எங்கண்ணே என் கூட வரப் போறாரு?" சாக்கின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னான். "அவருக்கு இது இப்டி இருந்தாதான் புடிச்சிது. அடுத்த வாட்டி போறப்ப வாசல்ல நிறுத்தினா, எட்டியாவது பாப்பாரு."

காரை ராம்பில் ஏற்றினேன். மாட்டி முடித்து இறக்கியபோது மாலை வெயில் பட்டு அது பதுங்கி நின்றது. இரண்டு விரல் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.